பழைய சங்கிலி ரம்பம்: செப்பனிடலும் இயக்கலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் இலக்கியப் பேருரையும் இன்னிசையும் நாடகமும் நிகழ்வதே மரபு. அவற்றின் நடுவே மரம் அறுக்கும் பொறியைப் பற்றி ஒரு பேச்சு எதற்கு என்று சிலர் வியக்கக்கூடும். வியப்பதில் தவறில்லை. ஆயினும் பிழைப்பை நாடிக் கொல்கத்தா மாநகருக்கு வந்த தமிழருள் எழுதுகோல் பிடித்தவர் எத்தனை பேரோ, அத்தனை பேர் சுத்தியலும் அரமும் பிடித்தவர்களாவர். ரயில்வே பட்டறைகளிலும் பொறியியல் ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் இந்த அவையிலேயே பலர் அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் கைக்கும் ஆண்டில் ஒரு நாள் மேடை தருவது முறையே அன்றோ?

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் ஆம்பன் புயல் இந்நகரின்மேல் பாய்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன, தெருக்கள் அடைபட்டன, பல பகுதிகளில் நாட்கணக்கில் விளக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒடிசாவிலிருந்து மீட்புப் படையினர் வந்தனர். இராணுவ வீரர்களும் தெருவில் இறங்கினர். அவர்கள் கையிலிருந்த கருவிகளுள் தலையாயது சங்கிலி ரம்பம். அதன் பின்னர் நம் அன்பர் சிலர் ஒரு வினாவைத் திரும்பத் திரும்ப எழுப்பி வருகின்றனர். ‘புதிய ரம்பம் விலை மிகுந்தது, பழைய சாமான் கடைகளில் ஐம்பது அறுபது ஆண்டுப் பழமையுள்ள ரம்பம் எப்போதேனும் கிடைக்கிறது, அதை வாங்கிச் செப்பனிட்டு வைத்துக்கொண்டால் அடுத்த புயலுக்கு உதவாதா?’ என்பதே அவ்வினா.

நல்லெண்ணத்தில் பிறந்த வினா இது. இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. செப்பனிடுங்கள் என்போம், இயக்கியும் பாருங்கள் என்போம், ஆனால் வேலைக்கு அனுப்பாதீர்கள் என்போம். இம்மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பொறி பிறந்த கதை

சங்கிலி ரம்பத்தின் முன்னோடி காட்டில் பிறக்கவில்லை. மருத்துவரின் கையில் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர்களாகிய ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் எலும்பை அறுப்பதற்காகப் பல் வைத்த சிறு சங்கிலியைப் பயன்படுத்தினர். இரு முனையிலும் பிடியிட்டுக் கையால் மாறி மாறி இழுக்கும் கருவி அது.

மரம் அறுக்கும் பொறியாக அது வளர்ந்தது ஜெர்மனியில். 1926ஆம் ஆண்டில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். காட்டிற்கு மின்கம்பியை இழுத்துச் செல்வது எளிதோ? அடுத்த ஆண்டே எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலால் ஓடும் ரம்பத்தைத் துரிங்கியா நாட்டின் டோல்மார் என்னும் மலையில் ஓட்டிக் காட்டினார். அம்மலையின் பெயரே பின்னர் அவருடைய பொறிக்கும் பெயராயிற்று. அக்காலத்து ரம்பங்கள் ஐம்பது கிலோ அளவு எடையுள்ளவை. இருவர் இரு முனையிலும் நின்று சுமந்தாலன்றி வேலை நடவாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஒருவர் தனித்துத் தூக்கும் ரம்பம் பரவியது. அமெரிக்காவில் மக்கல்லக் நிறுவனம் 1949இல் வெளியிட்ட ‘3-25’ என்னும் பொறி 25 பவுண்டு எடை, அதாவது ஏறத்தாழ 11 கிலோ. ஸ்டில் நிறுவனம் 1950இல் 16 கிலோ எடையில் ஒருவர் ரம்பத்தைக் கொணர்ந்தது. சுவீடனில் யான்சரெட் நிறுவனமும், 1959இல் ஹஸ்க்வர்னா நிறுவனமும் இத்துறையில் இறங்கின. அதே 1959இல் ஸ்டில் ‘கான்ட்ரா’ வெளிவந்தது. அதற்கு முன் பல ரம்பங்களில் எஞ்சினுக்கும் சங்கிலிக்கும் இடையே பற்சக்கரங்கள் இருந்து வேகத்தைக் குறைத்தன. கான்ட்ராவில் அவை இல்லை. எஞ்சினின் வேகத்திலேயே சங்கிலி பாய்ந்தது. பழைய பொறிகளை விரும்புவோர் ஓசையைக் கேட்டே இவ்விரு வகையையும் பிரித்தறிவர். பற்சக்கரம் உள்ளது கனைத்து இழுக்கும். இல்லாதது கீச்சிட்டு ஓடும்.

சங்கிலியின் கதை இன்னும் சுவையானது. தொடக்கத்தில் அதன் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போலவே கூராக நின்று மரத்தைக் கீறின, விரைவில் மழுங்கின, தீட்டுவதற்கு நெடுநேரம் பிடித்தது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசஃப் காக்ஸ் என்னும் மரவெட்டி, வெட்டுண்ட அடிமரம் ஒன்றைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழுவைக் கண்டார். அப்புழு மரத்தை நேரே கீறவில்லை. தன் இரு தாடைகளால் இடமும் வலமுமாகச் செதுக்கிச் சென்றது. அதைக் கூர்ந்து நோக்கிய காக்ஸ், இடப்பல் ஒன்றும் வலப்பல் ஒன்றுமாக மாறி மாறி அமைந்து மரத்தைச் செதுக்கும் சங்கிலியை வகுத்தார். 1947இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலி பெரும்பாலும் அதன் வழித்தோன்றலே. மரத்தை அரித்து வாழும் புழு, மரம் அறுக்கும் மனிதனுக்கு ஆசானாயிற்று!

பழைய ரம்பம் என்று நாம் ஈண்டுக் கூறுவது 1940களின் இறுதி முதல் 1970களின் தொடக்கம் வரை செய்யப்பட்டவற்றையே. இவ்வெல்லையை ஏன் வகுத்தோம் என்பது பின்னர் விளங்கும்.

நோயறிதல்

பழைய ரம்பம் ஒன்று கைக்கு வந்தவுடன் பலரும் செய்வது யாது? பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுப்பதே. அது கூடாது. பல ஆண்டுகள் உறங்கிய பொறியின் உள்ளே துருவும் தூசியும் இருக்கும். எண்ணெய்ப் பசை உலர்ந்திருக்கும். பிளக்கைக் கழற்றி, அத்துளையில் சில சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டன் தடையின்றிச் செல்கிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவன் முதலில் நோயையும் அதன் காரணத்தையும் தெரிந்துகொண்டு, அதன் பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்கிறார். பொறிக்கும் அதுவே நெறி. ஈரடிப்பு எஞ்சின் ஓடவில்லை என்றால் காரணம் நான்கனுள் ஒன்று: அழுத்தம் இல்லை; பொறி தெறிக்கவில்லை; எரிபொருள் வரவில்லை; வரக்கூடாத வழியில் காற்று வருகிறது. இந்நான்கையும் வரிசை மாறாமல் ஆராய்பவர் அரை நாளில் முடிப்பதை, வரிசையின்றி ஆராய்பவர் ஆறு மாதத்திலும் முடியார்.

முதலாவது அழுத்தம். சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக விளக்கொளியில் பிஸ்டனைப் பாருங்கள். அதன் பக்கம் வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலும் கீழுமாக ஆழ்ந்த கீறல்கள் இருந்தால், ஒரு காலத்தில் அது எண்ணெயின்றியோ மிகுந்த வெப்பத்திலோ ஓடியிருக்கிறது என்று அறியலாம். பிளக்கையும் சைலன்சரையும் மீண்டும் மாட்டிய பின்னர், ரம்பத்தை இழுகயிற்றின் பிடியில் தொங்கவிட்டுப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். பொறி விட்டுவிட்டு மெல்ல இறங்கினால் அழுத்தம் உண்டு. தடையின்றி வழுக்கி இறங்கினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. அழுத்தமானி உள்ளவர் அளந்தே அறியலாம். சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டுக்குக் கீழே சென்றால் பொறி எளிதில் உயிர்பெறாது.

இரண்டாவது மின்பொறி. பழைய ரம்பத்தில் மின்கலம் இல்லை. சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் எனப்படும் இரு சிறு உலோகப் பொட்டுகள் உரிய நொடியில் பிரியும்போது அது பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. பெரும்பாலான பொறிகளில் இப்பொட்டுகள் பிரியும் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவு. எஞ்சின் நிமிடத்திற்கு 6000 முறை சுழல்கிறது என்று கொண்டால், இப்பொட்டுகள் நொடிக்கு 100 முறை சேர்ந்து பிரிகின்றன! ஆண்டுக்கணக்கில் கிடந்த பொறியில் இவற்றின்மேல் மெல்லிய களிம்பு படர்ந்திருக்கும். மின்பொறி இல்லை என்று எறியப்பட்ட ரம்பங்கள் பலவற்றிற்கு வேண்டியது இக்களிம்பைத் துடைத்தல் ஒன்றே. மெல்லிய அரத்தால் ஒரு முறை தேய்த்து, தூய தாளை இடையே செருகி இழுத்தால் போதும். கண்டென்சர் கெட்டிருந்தால் மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு வழக்கு எழும். பாயிண்டையும் கண்டென்சரையும் நீக்கிவிட்டு, அவற்றின் வேலையைச் செய்யும் சிறு மின்னணுத் துண்டு ஒன்றைப் பொருத்திவிடலாம். அதனால் பொறியின் பழமை கெடும் என்பார் ஒரு சாரார். ஓடாத பொறிக்குப் பழமை எதற்கு என்பார் மற்றொரு சாரார். நம் கருத்து யாதெனின், எதைச் செய்தாலும் மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியவாறு செய்க. கழற்றிய உறுப்பை எறியாமல் பெயரெழுதிப் பெட்டியில் வைக்க.

மூன்றாவது எரிபொருள். கார்புரேட்டரின் உள்ளே டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. எஞ்சினின் மூச்சுக்கேற்ப அது துடித்துப் பெட்ரோலை அளந்து விடுகிறது. ரம்பத்தைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் ஓடச் செய்தது இச்சவ்வே. இது பரவுவதற்கு முன், மிதவை வைத்த கார்புரேட்டர் இருந்தமையால் எஞ்சினை நிமிர்த்தியே பிடிக்க வேண்டியிருந்தது; மரத்தைக் குறுக்கே அறுக்க, வெட்டும் பட்டையை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டனர். பழைய பொறியில் இச்சவ்வு காய்ந்து விறைத்திருக்கும். தொட்டால் சருகுபோல் சலசலக்கும். அதைக் கழுவிப் பயனில்லை; புதிது போடல் வேண்டும். பெட்ரோல் குழாயும் அவ்வாறே.

நான்காவது காற்றுக் கசிவு. இதுவே மறைந்து கொல்லும் நோய். கிராங்க் தண்டின் இரு புறமும் உள்ள ஆயில் சீல் காய்ந்துவிட்டால் அவ்வழியே காற்று நுழைகிறது. கலவையில் பெட்ரோல் குறைகிறது; அதனோடு வரும் எண்ணெயும் குறைகிறது. பொறி நின்றுவிட்டாலும் நன்று. அது நிற்காமல், வழக்கத்தினும் விரைவாகப் பாய்ந்தோடும். விசையை விட்ட பின்னும் வேகம் உடனே தணியாது. ‘அடடா, எத்துணை வலிமை!’ என்று மகிழ்வோம். சிறிது நேரத்தில் பிஸ்டன் வெந்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். வேகம் தணிய மறுக்கும் பொறியை அக்கணமே நிறுத்துவது அறிவுடைமை.

உறுப்புகள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பேரிங்கும் சீலும் பெரும்பாலும் பொதுவான அளவுகளே. மேலே பொறித்த எண்ணைக் காட்டினால் பேரிங் கடையில் கிடைக்கும். பேக்கிங்கைத் தாளில் வெட்டிக்கொள்ளலாம். மல்லிக் பஜாரில் பழைய மோட்டார் உறுப்புகளைத் துருவித் தேடிய கண்களுக்கு இதைக் கற்பிக்க வேண்டுவதில்லை.

கழற்றும்போது இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. பெரும்பாலான ரம்பங்களில் கிளட்ச் இடம்புரியாக முடுக்கப்பட்டிருக்கும். வழக்கம்போல் திருப்பினால் மேலும் இறுகும். அதைக் கழற்றும்போது பிஸ்டன் நகராதிருக்க, பிளக் துளை வழியாகத் தூய கயிற்றைச் சிறிது உள்ளே செலுத்துவர். இரும்பைச் செருகினால் பிஸ்டன் உடையும். இரண்டாவது, அமெரிக்க ரம்பங்கள் பலவற்றின் உடல் மக்னீசியம் கலந்த உலோகம். அதை அராவிய தூள் தீப்பற்றினால் கடுமையாக எரியும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும். ஆகவே அதைச் சாணைச் சக்கரத்தில் பிடிப்பதும் பற்றவைப்பதும் வீட்டுப் பட்டறையில் செய்யத்தகாதவை.

உணவு

ஈரடிப்பு எஞ்சினுக்குத் தனியே எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊட்டுகிறோம். 1950களில் 16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது பரவலான அளவு. லிட்டருக்கு ஏறத்தாழ 62 மில்லி. அன்று கலந்தது சாதாரண எஞ்சின் எண்ணெய். இன்றைய ஈரடிப்பு எண்ணெய் பன்மடங்கு தரமுடையது. புதிய ரம்பங்களுக்கு 50க்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 20 மில்லி போதும். பழைய பொறிகளுக்கு இந்நல்லெண்ணெயையே 32க்கு ஒன்று, லிட்டருக்கு 31 மில்லி வீதம் கலப்போர் பலர். அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் மருந்துக் குப்பியால் அளந்து கலப்பதே தக்கது.

பெட்ரோலின் தன்மையும் இன்று மாறிவிட்டது. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. அதன் நன்மை தீமைகளை ஆராய்வது இம்மேடையின் வேலையன்று. பழைய ரம்பத்திற்கு அது ஒவ்வாது என்பது மட்டும் உறுதி. எத்தனால் பழைய ரப்பரை ஊறச் செய்து கெடுக்கும். காற்றின் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். வங்கத்து மழைக்காலத்தின் ஈரத்தை நாம் அறிவோம். ஆகையால் இக்காலத்து எரிபொருளைத் தாங்கும் குழாயும் சவ்வும் போடுக. சிறிதளவே கலந்து உடனே பயன்படுத்துக. வேலை முடிந்ததும் தொட்டியை வடித்து, கார்புரேட்டரில் எஞ்சியது தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட விடுக. உண்ட கலத்தைக் கழுவி வைப்பது போன்றது இது.

பல்லும் அரமும்

எஞ்சினில் காட்டிய அக்கறையைச் சங்கிலியில் காட்டாதவர் பலர். சங்கிலி கூராக இருந்தால் மரம் சில்லுகளாக உதிரும். மழுங்கியிருந்தால் மாவாக உதிரும். மாவைக் கண்ட பின்னும் அழுத்தி அறுப்பவர் பொறியையும் கெடுத்துத் தம்மையும் கெடுத்துக்கொள்கிறார்.

பல்லின் அளவுக்கேற்ற உருண்டை அரத்தை எடுத்து, பெரும்பாலான சங்கிலிகளில் 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளித் தீட்ட வேண்டும். இடப்பல்லும் வலப்பல்லும் ஒரே நீளமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் வெட்டு ஒரு பக்கமாக வளையும். பல் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு மேடு உண்டு. பல் மரத்திற்குள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை வரையறுக்கும் காவலன் அது. பல்லின் நுனியைவிட அது 0.65 மில்லிமீட்டர் அளவே தாழ்ந்திருக்க வேண்டும். விரைவாக வெட்டட்டும் என்று அதை மிகுதியாக அராவினால், பல் மரத்தைக் கவ்வும், பொறி துள்ளும். காவலனைக் கொன்ற கோட்டைக்கு ஏது பாதுகாப்பு?

பழைய ரம்பங்கள் பலவற்றில் சங்கிலிக்குரிய எண்ணெய் தானே வராது. கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே அறுக்க வேண்டும். சங்கிலி ஓடும்போது பட்டையின் நுனியைத் தூய பலகையொன்றின் அருகே, தொடாமல் காட்டினால் மெல்லிய எண்ணெய்க் கோடு விழும். கோடு விழவில்லையெனில் அறுக்கத் தொடங்கலாகாது.

கை கொடுத்த விலை

நிற்க. இதுவரை கூறியவற்றைப் பொறுமையுடன் செய்தால் அறுபது ஆண்டுப் பழமையுள்ள ரம்பமும் உயிர்பெறும். அது முதல்முறை முழங்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி பெரிது. அதை நாம் மறுக்கவில்லை. ‘இத்துணை நன்றாக ஓடும் பொறியை ஏன் வேலைக்கு அனுப்பலாகாது?’ என்ற வினா அப்போதுதான் வலுப்பெறும். விடையை ஜப்பான் நாட்டின் காடுகள் கூறும்.

1954ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பெரும் புயலொன்று ஜப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவைத் தாக்கியது. டோயா மாரு என்னும் பயணக் கப்பல் மூழ்கி ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்புயலுக்கு அக்கப்பலின் பெயரே நிலைத்தது. அதே புயலில் அத்தீவின் காடுகள் பரந்த அளவில் சாய்ந்தன. சாய்ந்த மரம் அழுகுமுன், பூச்சி அரிக்குமுன், அறுத்து அகற்றியாக வேண்டும். கை ரம்பத்தால் அது இயலாமையால் அரசுக் காடுகளில் சங்கிலி ரம்பங்கள் புகுந்தன. பின்னர் நாடெங்கும் பரவின. தொழிலாளர்கள் நாள்தோறும் பல மணி நேரம் அவற்றைப் பிடித்து உழைத்தனர்.

பத்தாண்டு கழியுமுன் அவர்களுடைய விரல்கள் வெளுக்கத் தொடங்கின. குளிர்ந்த காலையில் விரல் நுனி இரத்தமிழந்து மெழுகுபோல் வெளிறும், மரத்துப்போகும், பின்னர் குத்தும். நோய் முற்றியவர்க்குச் சட்டைப் பொத்தானைப் போடவும் விரல் பணியாது. நொடிக்கு நூறு முறை அதிரும் பொறி, கையின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுத்துவிட்டது. முற்றிய நிலையில் அது மீள்வதும் அரிது. 1960களின் நடுவில் இது ஜப்பானில் நாடறிந்த செய்தியாயிற்று. தொழில்நோய் என்று ஏற்கப்பட்டது. பின்னர் ஒருவர் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் ரம்பம் பிடிக்கலாகாது என்னும் வரையறையும் பிறந்தது. சுவீடன், ஃபின்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் காட்டுத் தொழிலாளரிடத்தும் இதே நோய் காணப்பட்டது. புயல் மரத்தைச் சாய்த்தது; அம்மரத்தை அகற்ற வந்த பொறியோ மனிதன் கையைச் சாய்த்தது.

அதன் பின்னரே பொறி செய்வோர், எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் ரப்பர்த் துண்டுகளை வைத்தனர். 1960களின் நடுவிலிருந்து இவ்வமைப்பு பரவியது.

இரண்டாவது இடர் உதைப்பு. சுழலும் சங்கிலியின் நுனியில், மேற்பாதி ஏதேனும் கிளையில் தட்டினால், பட்டை முழுவதும் அறுப்பவரின் முகத்தை நோக்கி மேலெழுந்து பாயும். கண்ணிமைக்கும் நேரத்தில் அது நிகழ்ந்து முடிந்துவிடும், ஒதுங்க அவகாசமில்லை. பழைய ரம்பத்தில் பாய்ந்து வரும் சங்கிலியை நிறுத்த எவ்வமைப்பும் இல்லை. 1972இல் ஸ்டில் நிறுவனம் சங்கிலித் தடையைக் கொணர்ந்தது. அப்பத்தாண்டில் பிற நிறுவனங்களும் அமைத்தன. பொறி மேலெழும்போது முன்னுள்ள காப்புக் கையில் பட்டு முன்னே சாயும். உடனே சங்கிலி நிற்கும். உதைப்பின் விசையாலேயே விழும் தடையும் பின்னர் வந்தது. 1970களின் தொடக்கத்தை நாம் எல்லையாக வகுத்த காரணம் இப்போது விளங்கும். அவ்வெல்லைக்கு முற்பட்ட பொறிகளில் அதிர்வைத் தாங்கியது தொழிலாளியின் கை. உதைப்பைத் தடுத்தது தொழிலாளியின் நல்லூழ்.

ஆகவே பழைய ரம்பத்திற்கும் புதிய ரம்பத்திற்கும் உள்ள வேறுபாடு விலையில் மட்டும் இல்லை. பெயர் தெரியாத எண்ணற்ற உழைப்பாளிகளின் விரல்களும் செவிகளும் முகங்களும் அவ்வேறுபாட்டிற்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. கொடுத்தாகிவிட்ட விலையை, சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக, இன்று மற்றொருவன் கையிலிருந்து மீண்டும் வாங்குவது அறமாகுமா?

இயக்கும் முறை

பழைய ரம்பத்தை இயக்கிப் பார்க்க விரும்புவோர்க்குச் சில வரையறைகள் கூறுவோம்.

தலைக்கவசமும் முகத்திரையும் காலணியும் இன்றியமையாதவை. செவிக்காப்பு கட்டாயம்; இப்பொறிகளின் முழக்கம் 110 டெசிபல் அளவை எட்டக்கூடியது. சங்கிலி பட்டால் இழைகள் பிரிந்து அதைச் சிக்க வைத்து நிறுத்தும் காற்சட்டைகள் இன்று கிடைக்கின்றன, அணிக. உதைப்பைக் குறைக்கும்படி அமைந்த புதிய சங்கிலி அப்பட்டைக்குப் பொருந்துமாயின் அதையே மாட்டுக. ரம்பத்தைத் தரையில் வைத்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் கயிற்றை இழுக்க வேண்டும். கையில் தொங்கவிட்டு இழுப்பது வீரமாகாது. தரையிற்கிடத்தி முட்டுக் கொடுத்த கட்டையை மட்டுமே அறுக்கலாம். நுனியால் அறுப்பதும் தோளுக்கு மேல் தூக்குவதும் விலக்கு. ஒருவர் சில நிமிடங்களுக்கு மேல் பிடிக்கலாகாது. நிறுத்துமுன் சிறிது நேரம் மெல்ல ஓடவிட்டு வெப்பம் தணிய விடுக.

புயலில் வீழ்ந்த மரத்தின் அருகே பழைய ரம்பத்தைக் கொண்டு செல்லவே கூடாது. வீழ்ந்த மரம் அடங்கிக் கிடப்பதுபோல் தோன்றும். உண்மையில் வளைத்துப் பிடித்த வில் அது. ஒரு கிளையை அறுத்தவுடன் மற்றொரு கிளை விசிறியடிக்கும். அடிமரத்தை அறுத்தவுடன், பெயர்ந்து நின்ற வேர்ப்பாறை மீண்டும் குழிக்குள் சாயும். இலைகளுக்கிடையே மின்கம்பி மறைந்து கிடக்கும். பயிற்சி பெற்ற வீரர்களே அஞ்சி நெருங்கும் வேலை அது.

எனவே நம் அன்பர்களின் வினாவுக்கு விடை இது. அடுத்த புயலுக்கு உதவ எண்ணினால், சங்கிலித் தடையும் அதிர்வுத் தாங்கியும் உடைய புதிய ரம்பம் ஒன்றை, காப்புடைகளுடன் பலர் கூடி வாங்குக. அதனைப் பிடிக்க முறையான பயிற்சி பெற்றவரிடமே கொடுக்க. கூலிக்கு மரம் அறுக்க ஒருவரை அழைக்கும்போதும் அவர் தலையில் கவசம் உண்டா, செவியில் காப்பு உண்டா, பொறியில் தடை உண்டா என்று முதலில் பார்க்க. கூலியைப் பேரம் பேசுமுன் பேச வேண்டியவை இவை.

பழைய ரம்பத்தையோ பட்டறையின் ஆசானாக வைத்துக்கொள்க. அழுத்தம், மின்பொறி, எரிபொருள், காற்று என்னும் நான்கு வினாக்களை நம் பிள்ளைகள் அதனிடம் கற்கட்டும். கெட்டதை உடனே எறிந்துவிடும் இக்காலத்தில், ஏன் கெட்டது என்று கேட்கும் பழக்கம் ஒன்றே பெருஞ்செல்வம். அவர்கள் அப்பொறியைத் திறக்கும்போது, அதன் கைப்பிடி எஞ்சினோடு நேரே முடுக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக் காட்டுக. இடையில் ரப்பர் இல்லாத அவ்விடத்தில் ஒரு மனிதனின் கை இருந்தது என்று சொல்லுக. அதைக் கற்ற பிள்ளை நாளை எந்தப் பொறியை ஆக்கினாலும், அதைப் பிடிக்கப்போகும் கையை மறவாது.